அனுப்புநர் பெயரில் அம்பலவாணன் என்று இருந்தால்

செருப்பை அங்கனயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க தம்பி. நாய் ஒண்ணும் கிடையாது, பயப்படாதீங்க. போர்டு சும்மா மாட்டியிருக்கேன். மொதல்ல 'விற்பனையாளர்கள் வரக்கூடாது'ன்னு மட்டும்தான் மாட்டினேன். அதை எந்த விற்பனையாளனும் மதிக்கல. வாட்டர் ஃபில்டர் விக்க வந்தவன் அந்தப் போர்டு மேலயே கையை ஊனிக்கிட்டுப் பேசுதான். அதுக்குப் பெறவுதான் நாய் போர்டு. நீங்க வரலாம். உங்களை நான்தானே கூப்பிட்டேன்.

இந்த நாற்காலில உக்காருங்க. கம்ப்யூட்டர் பழசுதான், எனக்கே தெரியும். உங்க முதலாளி போன வருசம் வந்து பாத்துட்டு, "சார்வாள், இதை மியூசியத்துல வச்சிருவோமா"ன்னு கேட்டாரு. இப்ப எல்லாரும் மெயிலை செல்போன்லதான் பாக்காங்கன்னாரு. பாக்கட்டும். பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல வாசிச்சா அதுக்குப் பேரு மெயிலா? நான் குளிச்சு, திருநீறு பூசி, காப்பியைக் கையில எடுத்துக்கிட்டு இங்கன வந்து உக்காருவேன். அப்பத்தான் மெயில். என் போன் பட்டன் போன். தெரியாத நம்பர்னா எடுக்கதே கிடையாது.

விசயத்துக்கு வாரேன். ஒரு மெயில் உள்ள வந்துட்டு தம்பி. வரக்கூடாத மெயில். நான் போட்ட ரூல் அத்தனையையும் தாண்டி வந்து இன்பாக்ஸ்ல சட்டமா உக்காந்திருக்கு. நான் அதைத் திறக்கல. திறந்தா வைரஸ் வந்துரும்லா. அழிக்கவும் இல்ல. அழிச்சுட்டா எந்த வழியா வந்தான்னு எப்படிக் கண்டுபிடிக்க? நீங்க அதைப் பாத்து, வந்த ஓட்டையை அடைச்சு, ஒரு ரூல் போட்டுக் குடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான் வேலை. இருங்க, இருங்க, மவுஸைத் தொடாதீங்க. மொதல்ல விவரத்தைக் கேளுங்க. விவரம் தெரியாம கை வச்சா நீங்க இன்னொரு ஓட்டையைப் போட்டுட்டுப் போயிருவீங்க.

நான் மில்லுல ஸ்டோர்ஸ் சூப்பிரண்டெண்டா இருந்து ரிட்டையர் ஆனவன். பஞ்சு மில்லு. ஒரு நட்டு போல்ட்டு உள்ள வரணும்னாலும் கேட் பாஸ்ல பேரு சரியா இருக்கணும். ஆர். மாரியப்பன்னு பாஸ் எழுதி, கே. மாரியப்பன் வந்து நின்னான்னா திருப்பி அனுப்பிருவேன். "சார், அதே ஆளுதான் சார், இனிஷியல் மாறிப்போச்சு"ம்பான். மாறுச்சுல்லா? அப்ப நீ வேற ஆளு. போயிட்டு வா. என்னைய எல்லாரும் திட்டுவாங்க, பின்னால. ஆனா என் சர்வீஸ்ல நூல் சுத்துத பாபின் ஒண்ணுகூடக் காணாமப் போகல.

இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வச்சது என் மகன். சங்கரலிங்கம். அவன் ஜெர்மனிக்குப் போகும்போது வாங்கி வச்சு, இந்த மெயில் ப்ரோகிராமைப் போட்டு, பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனான். ரூல்னு ஒண்ணு இருக்குப்பா, அனுப்புனவன் பேர்ல இன்னது இருந்தா, சப்ஜெக்ட்ல இன்னது இருந்தா, இன்ன இடத்துக்குத் தள்ளுன்னு நாம சொல்லி வச்சிரலாம், அது பாத்துக்கிடும்னான். நான் அசந்துபோயிட்டேன். வாட்ச்மேன் மாதிரி. ஆனா தூங்காத வாட்ச்மேன், டீ குடிக்கப் போகாத வாட்ச்மேன். "இதை உங்களுக்குன்னே செஞ்சிருக்கான்ப்பா"ன்னு சிரிச்சான். அவன் சிரிச்சா தோள் ரெண்டும் குலுங்கும்.

பெறவு நான் ஆரம்பிச்சேன் பாருங்க. சும்மாவா வருது குப்பை! ஏதோ ஒரு நாட்டு மந்திரியோட சம்சாரம், உலகத்துல இத்தனை பேரு இருக்கும்போது என்னைய நம்பித்தான் சொத்தை எழுதி வைப்பேங்கா. ஒருத்தன் தினமும் முடி வளர தைலம் தாரேங்கான். எனக்கு! என் தலையைப் பாருங்க. நான் விடல. லாட்டரின்னு இருந்தா தள்ளு. வின்னர்னு இருந்தா தள்ளு. டியர் ஃப்ரெண்டுன்னு ஆரம்பிச்சா தள்ளு, என் ஃப்ரெண்டு எவனும் என்னைய டியர்னு கூப்பிட மாட்டான். ஒவ்வொண்ணா அடைச்சு அடைச்சு, காலையில மெயிலைத் திறந்தா இன்பாக்ஸ் கழுவி விட்ட முற்றம் மாதிரி இருக்கும்.

சின்னச் சின்னக் கோளாறு வராம இருக்குமா? வந்துது. ஃப்ரீங்கிற வார்த்தை வந்தா தள்ளுன்னு ஒரு ரூல் போட்டிருந்தேன். மில்லுல என்கூட வேலை பாத்த தங்கப்பழம், மக கல்யாணத்துக்கு மெயில்ல அழைச்சிருக்கான். எப்படி எழுதியிருக்கான் தெரியுமா? ஃபீல் ஃப்ரீ டு கம் வித் ஃபேமிலியாம். இங்கிலீஷு! குடும்பத்தோட வந்துருங்கன்னு தமிழ்ல எழுதியிருந்தா வந்து சேந்திருக்கும்லா. நான் கல்யாணத்துக்குப் போகல. இன்னிக்கு வரைக்கும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கான். அவன் செஞ்ச தப்புக்கு நான் என்ன செய்யட்டும்?

சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற.

என் வீட்டுக்காரி பேரு கோமதி. சங்கரன்கோவில்ல பொறந்தவளுக்கு அம்மன் பேரை விட்டா வேற என்ன பேரு வைப்பாங்க. சங்கரன் ஜெர்மனியில இருக்கும்போதே அவ போய்ச் சேந்துட்டா, மஞ்சக்காமாலை. பெறவு அவன் அங்கயே ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். கத்ரின். மொதல்ல எனக்குப் பிடிக்கல, மறைக்கதுக்கு என்ன இருக்கு. பெறவு பிடிச்சுப்போச்சு. நல்ல பொண்ணு. ஒருக்க இங்க வந்திருந்தப்ப, இடியாப்பத்தைக் கையால சாப்பிடணும்னு பிடிவாதம் பிடிச்சு, முழங்கை வரைக்கும் வழிய விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னைய அப்பான்னுதான் கூப்பிடுவா. தமிழ்ல அவளுக்கு அந்த வார்த்தையும், போதும்ங்கிற வார்த்தையும் தெரியும்.

பொம்பளப் பிள்ளை பொறந்துது. அம்மா பேரையே வச்சுட்டேன்ப்பான்னு சங்கரன் போன்ல சொன்னான். நான் போனை வச்சுட்டு அழுதேன். ஆனா வீட்டுல யாரும் பிள்ளையை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடல. பெத்தவ பேரைச் சொல்ல என் முன்னால அவனுக்கு வாய் வராது. ஆச்சின்னுதான் சொல்லுவான். "ஆச்சி இன்னிக்கு நடந்தா", "ஆச்சிக்குப் பல்லு மொளைச்சிருக்கு"ன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மெயில் போடுவான். காலேஜ்ல ஆரம்பிச்ச பழைய ஐடியிலருந்து, ஏ. சங்கரலிங்கம்னு வரும். ஊருக்கு வந்தப்ப அந்தப் பிள்ளை இந்த நாற்காலில என் மடியில உக்காந்து எல்லாப் பட்டனையும் அமுக்கி வச்சிட்டுப் போச்சு. அதைச் சரி பண்ண உங்க முதலாளி வர வேண்டியதாப் போச்சு.

அவன் செத்துப்போனான் தம்பி. குளிர்காலம். ரோட்டுல ஐஸ் உறைஞ்சு கெடந்துதாம். சைக்கிள்ல வேலைக்குப் போனவன் வழுக்கி லாரிக்கு அடியில போயிட்டான்.

இல்ல, இல்ல, நீங்க உக்காருங்க. நான் சொல்லிப் பழகிட்டேன்.

கத்ரின் போன் பண்ணினா. அவ பாஷையில என்னமோ சொல்லிச் சொல்லி அழுதா. நடுவுல நடுவுல அப்பா, அப்பான்னா. எனக்கு அது மட்டும்தான் விளங்குச்சு. நான் சரிம்மா, சரிம்மான்னே சொல்லிக்கிட்டிருந்தேன். என்ன சரி? ஒண்ணும் சரியில்ல. எனக்கு வேற வார்த்தை வரல. எனக்கு விசாவும் வரல. அங்கயே எரிச்சுட்டாங்க. அவனோட கூட்டாளி இன்பராஜ்னு ஒரு பையன் அஸ்தியைக் கொண்டுவந்து குடுத்தான். பாபநாசத்துல போய்க் கரைச்சோம். எம்பிள்ளை கைப்பிடி அளவுதான் இருந்தான்.

அப்ப இன்பராஜ் சொன்னான், "மாமா, கத்ரின் உங்களுக்கு மெயில் போடுவா. உங்க ஐடியை நான் குடுத்திருக்கேன். அவ ஐடியையும் எழுதி வச்சுக்கிடுங்க"ன்னான். நான் வேண்டாம்னுட்டேன். அவ எழுதட்டும், பெறவு நான் பதில் போடுதேன்னேன். நான் மூத்தவன், மகனைக் குடுத்தவன், மொதல்ல அவதானே எழுதணும்? துக்கம் அவளுக்கும்தான், இல்லைங்கல. இருந்தாலும் ஒரு முறை இருக்குல்லா.

அவ எழுதல தம்பி. நீங்க நம்புவீங்களா? ஒரு வரி எழுதல. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. இங்கன பாருங்க, இந்த இடது பக்கத்துல. ஆச்சின்னு ஒரு ஃபோல்டர் தெரியுதா? அவங்களுக்குன்னே தனியாப் போட்டு வச்சிருக்கேன். அனுப்புநர் பேரு கத்ரின் சங்கரலிங்கம்னு இருந்தா இதுல கொண்டு வை. கோமதி சங்கரலிங்கம்னு இருந்தா இதுல கொண்டு வை. எஸ். கோமதின்னு இருந்தாலும் வை, பிள்ளை இனிஷியல் போட்டு எழுதினா எழுதும்லா. மெயில் வந்தா கோயில் மணி அடிக்க மாதிரி சத்தம்கூட வச்சிருக்கேன். நான் அடுக்களையில இருந்தாலும் கேக்கணும்னு. திறந்து பாருங்க. காலி. ஒரு தடவைகூட அடிக்கல அந்த மணி.

போன் பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க. லேண்ட்லைனை நான் சரண்டர் பண்ணிட்டேன். அது சங்கரன் கூப்பிடுததுக்குன்னு வச்சிருந்தது. அவன் போன பெறவு அதுல லோன் வேணுமா சார்னு கேக்கவன்தான் கூப்பிட்டான். மணி அடிக்கும்போதெல்லாம் ஓடுவேன், எடுத்தா லோன். எத்தனை தடவைதான் ஓட? எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன். செல் நம்பர் அவகிட்ட இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனா மனசு இருந்தா மெயில் போட என்ன கேடு? ஒரு பொண்ணு, மாமனாருக்கு, பிள்ளை நல்லாருக்குன்னு ஒரு வரி. சரி, மறந்துட்டா. வேற பாஷை, வேற நாடு. அந்தப் பிள்ளையும் என்னைய மறந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா காலையில காப்பியோட வந்து உக்காரும்போது மொதல்ல அந்த ஃபோல்டரைத்தான் பாப்பேன். பாத்துட்டு, சவத்துப்பய மெயிலுன்னு திட்டிட்டு, பெறவுதான் மத்ததைப் பாப்பேன்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன், கவனமாக் கேளுங்க. இந்தத் திருட்டுப் பயலுவ ஒரு புது வேலை ஆரம்பிச்சானுவ. நம்ம பேரையே போட்டு நமக்கு அனுப்புதது. ஒரு நாள் திறந்தா, அனுப்புநர் அம்பலவாணன். அட, நானா? நான் எப்பம்லே எனக்கு எழுதினேன்னு பாத்தா, உள்ள ஏதோ கடன் விளம்பரம். நம்ம பேரைப் பாத்தா நாம திறந்துருவோம்னு அவன் கணக்கு. சரி, போகட்டும்னு விட்டேன்.

சங்கரன் காரியம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச மாசம் இருக்கும். காலையில இதே மாதிரி உக்காந்து திறக்கேன். அனுப்புநர் பேரு என்ன இருந்துது தெரியுமா?

கோமதி அம்பலவாணன்.

என் பொண்டாட்டி பேரு தம்பி. பேங்க் பாஸ்புக்ல அப்படித்தான் இருக்கும், கோமதி அம்பலவாணன். அப்பவே அவ செத்துப் பத்து வருசம் ஆகப்போகுது. காப்பியைக் கீபோர்டுல கொட்டிட்டேன். ஒரு நிமிசம், நெசமாவே, அவதான் எழுதியிருக்கான்னு நெனச்சேன். சங்கரன் வந்து சேந்துட்டான்னு சொல்லுததுக்கு எழுதியிருக்கான்னு. கோட்டித்தனம்தான். மகனை வாரிக் குடுத்தவனுக்குப் புத்தி எங்க போகும்னு யாருக்குத் தெரியும். பெறவு கோவம் வந்துது பாருங்க. எப்படிப்பட்ட பாவியா இருந்தா, செத்துப்போனவ பேரை எங்கயோ பொறுக்கி எடுத்து, அவ புருசனுக்கே அனுப்புவான்? திறக்கவே இல்ல. அழிச்சுட்டேன்.

அன்னிக்கே ஒரு ரூல் போட்டேன். வரிசையில மொத ரூல் அதுதான், பாருங்க, மேலயே இருக்கு. அனுப்புநர் பெயரில் அம்பலவாணன் என்று இருந்தால், நிரந்தரமா அழி. குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. சர்வர்லயும் ஒரு காப்பி இருக்கக்கூடாதுன்னு அங்கயும் ஒரு டிக் போட்டேன். ஏன்னா என் பேர்ல எனக்கு எழுத யாரு இருக்கா? நான்தான். நான் எனக்கு எழுத மாட்டேன். அப்ப எவன் எழுதினாலும் திருடன். எவ்வளவு சுருக்கமான ரூல் பாத்தீங்களா? அதுக்குப் பெறவு அந்தத் தொந்தரவே கிடையாது. நிம்மதி.

இந்த வாரம் வரைக்கும் நிம்மதி.

இப்ப இந்த மெயிலைப் பாருங்க. இன்பாக்ஸ்ல ஒத்தையா இருக்குல்லா, அதுதான். அனுப்புநர் பேரை வாசிங்க. ஆமா. கோமதி. அதுக்குப் பின்னால? லிண்ட்னர். யாரு இந்த லிண்ட்னர்? என் ரூலைத் தாண்டணும்னு என் பேரை மட்டும் வெட்டிட்டு, எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் பேரை என் பொண்டாட்டி பேருக்குப் பின்னால ஒட்டி அனுப்பியிருக்கான்! எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. கூட ஏதோ படமும் இணைச்சிருக்கான். இதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். கோமதிங்கிற பேரையே மொத்தமாத் தடுத்துரலாம்னா, நாளைக்கு என் பேத்தி எழுதினா என்ன செய்ய? அந்தச் சிக்கல் இருக்கு. அதுக்கு வழி சொல்லுங்க.

என்ன? திறந்துதான் பாக்கணுமா? உங்க பொறுப்பு தம்பி. வைரஸ் வந்தா நீங்கதான் பாக்கணும். சரி, திறங்க. நான் கொஞ்சம் தள்ளி நிக்கேன்.

படமா? என்ன படம்? பொம்பளப் பிள்ளையா? இதுவும் ஒரு தந்திரம்தான், பிள்ளை படத்தைப் போட்டா நமக்கு மனசு எளகும்னு... கண்ணாடியை எடுக்கேன் இருங்க.

இந்தக் காது.

தம்பி, இந்தப் பிள்ளை காதைப் பாருங்க. இப்ப என் காதைப் பாருங்க. சங்கரனுக்கும் இப்படித்தான், மேல மடங்கி இருக்கும். ஸ்கூல்ல மடக்குக் காதுன்னு கேலி பண்ணுவானுவ. யாரு இது? கொஞ்சம் தள்ளுங்க. நீங்க வாசிக்க வேண்டாம், நானே வாசிக்கேன். இங்கிலீஷ்தானே. நான் வாசிப்பேன்.

'அன்புள்ள தாத்தா. நான் கோமதி. எனக்கு இப்ப ஒம்பது வயசு. ஸ்கூல்ல இங்கிலீஷ் படிக்கேன், அதனால அம்மா உதவி இல்லாம நானே எழுதுதேன். இதுக்கு முன்னால நான் உங்களுக்கு நெறைய எழுதினேன்.'

நெறைய எழுதினாளா? எங்க? எதுல எழுதினா?

'அப்பா நட்ட ஆப்பிள் மரத்துல மொதல் தடவையாக் காய் வந்தது, அதை எழுதினேன். நீச்சல்ல நான் பேட்ஜ் வாங்கினதை எழுதினேன். அம்மாவும் எழுதினாங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருக்கும்னு அம்மா சொன்னாங்க. அம்மா இப்ப யூர்கனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்டு எழுதினாங்க. உங்க பேரை நான் வச்சுக்கிடவா, இல்ல மாத்திக்கிடவான்னு. தாத்தா என்ன சொல்லுதாங்களோ அப்படிச் செய்வோம்னு அம்மா கோடை லீவு முடியுற வரைக்கும் காத்திருந்தாங்க.'

என் பேரையா? அவகிட்ட ஏது தம்பி என் பேரு? அவ பேரு கோமதி. அவ அப்பன் பேரு சங்கரலிங்கம். எஸ். கோமதிதானே அவ?

என்ன சொல்லுதீங்க? கடைசிப் பேரா? குடும்பப் பேரா? நமக்கு ஏது தம்பி குடும்பப் பேரு? சங்கரன் பாஸ்போர்ட்ல பின்னால என் பேரு இருக்கும், அது இனிஷியலை விரிச்சு எழுதினதுதானே. அதையே அவங்க குடும்பப் பேரா எடுத்துக்கிடுவாங்களா? கட்டின பொண்டாட்டிக்கும் அதான் பேரா? பொறந்த பிள்ளைக்கும் அதானா? உங்க அக்கா மக்களுக்கும் அப்படித்தானா, அமெரிக்காவுல? மாமனார் பேருதான் அவளுக்கும் பின்னாலயா?

கத்ரின் அம்பலவாணன்.

கோமதி அம்பலவாணன்.

அப்ப அன்னிக்கு வந்தது இந்தப் பிள்ளை. அப்பனைப் பறிகொடுத்துட்டு, அந்த ஆறு வயசுல, அம்மா கையைப் பிடிச்சு எழுதியிருக்கும். நான் காப்பியைக் கொட்டிட்டு அழிச்சுட்டேன். பெறவு ரூல் போட்டேன். என் பேரை வச்சிருக்கவங்க எல்லாரும் திருடன்னு ரூல் போட்டேன். இந்த ஊருல என் பேரைச் சொல்ல ஒரு ஆளு கிடையாது, எங்கயோ ஒரு ஊருல ஒரு தாயும் பிள்ளையும் ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில, எல்லா இடத்துலயும் என் பேரைச் சொல்லிக்கிட்டு நின்னிருக்காங்க. அவன் சொல்லல பாருங்க, சங்கரன். அவனுக்கு அது ஒரு விசயமாவே தோணியிருக்காது.

திரும்ப எடுக்க முடியுமா தம்பி? உங்ககிட்ட ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கும்லா. போன போட்டோவைக்கூட எடுக்காங்களே. ஆப்பிள் மரம்னு எழுதியிருக்கா, அந்த ஒரு மெயிலாவது. சங்கரன் நட்டதாம். எனக்குத் தெரியாது, அவன் மரம் நட்டான்னு. சர்வர்ல கேட்டுப் பாருங்க. கம்பெனிக்காரன்கிட்ட எழுதிக் கேப்போம். நிரந்தரமா அழின்னு போட்டா, நிரந்தரமாவே அழிஞ்சிருமா?

சரி.

சரி. விடுங்க. நீங்க என்ன செய்வீங்க.

கடைசியில என்னமோ எழுதியிருக்கா. எனக்குக் கண்ணு மறைக்குது, நீங்க வாசிங்க. இல்ல, மெதுவா.

'இப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே பேரு. நீங்க பதில் போட வேண்டாம். என் புதுப் பேரு உங்களுக்குத் தெரியணும்னுதான் எழுதுதேன். இல்லாட்டா நீங்க தேடினா நான் கிடைக்க மாட்டேன்.'

நான் தேடுவேன்னு நெனச்சிருக்கா பாருங்க. இவ்வளவு நாளு பதிலே இல்லாம, அப்பவும் தாத்தா தேடுவான்னு நெனச்சிருக்கா.

தண்ணி வேண்டாம் தம்பி. உக்காருங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது.

ரூலை எடுத்துரவான்னு கேக்கீங்களா? எடுங்க. எடுத்தா என்ன, எடுக்காட்டா என்ன. இனி அந்தப் பேர்ல யாரும் எழுத மாட்டாங்க. அந்தப் பேரு இனி எனக்கு மட்டும்தான், என்னோட முடிஞ்சுது. அந்தப் பொண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசு, ஒரு துணை வேணும். கேட்டிருக்காளே, மாத்தவா வேண்டாமான்னு மெனக்கெட்டு என்கிட்டக் கேட்டிருக்காளே. நான் இருக்கட்டும்மா, வச்சுக்கிடும்மான்னு சொல்லியிருப்பேன். ஒரு வரி. அவ அதைத்தான் எதிர்பாத்திருப்பா.

அந்தப் பதில் போடுத பட்டனை அமுக்குங்க. ஆமா, தெரியும், போட வேண்டாம்னுதான் எழுதியிருக்கா. ஒம்பது வயசுப் பிள்ளை. நீங்களே அடிங்க தம்பி. நான் சொல்லச் சொல்ல அடிங்க. அன்புள்ள... இங்கிலீஷ்லதான். டியர்.

டியர் கோமதி. இல்ல, அதோட நிறுத்தாதீங்க. பின்னால லிண்ட்னர்னு முழுப் பேரையும் போடுங்க. எழுத்து ஒண்ணுகூட மாறாம, அவ எழுதியிருக்க மாதிரியே போடுங்க. அப்பத்தான் தாத்தா வாசிச்சுட்டான்னு அவளுக்குத் தெரியும்.